பதினோரு வயதுக்கு எந்தச் சரித்திர நாவல்? வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு கேள்வி

பொள்ளாச்சி அம்மா:

வணக்கம். மகளுக்கு 11, மகனுக்கு 8. இரண்டு பேரும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில்தான் படிக்கிறார்கள். வரலாற்றுக்கு இதுவரை பாடப்புத்தகம் வைத்துக்கொள்ளவில்லை. கதை வழியாகவே போகலாம் என்று ஆரம்பித்து, அமெரிக்க வீட்டுப்பள்ளிக்காரர்கள் போட்ட ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டோம். பட்டியல் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள்: 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது யார், எதற்கு என்று மகள் மூச்சுவிடாமல் சொல்கிறாள். 1806-ல் வேலூர்க் கோட்டையில் என்ன நடந்தது என்று கேட்டால் முழிக்கிறாள்.

இந்த வருடம் நம் பக்கக் கதைகளுக்கு வரலாம் என்று நினைக்கிறோம். வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மாமியாருக்கு கல்கியைத் தவிர வேறு யாரும் எழுத்தாளரே இல்லை. கணவர், "நான் ஆறாவது படிக்கும்போதே சாண்டில்யனின் கடல் புறா முடித்தவன்" என்கிறார். எனக்கு ஒரே தயக்கம். மகள் ஆங்கிலம் கடகடவென்று படிப்பாள், தமிழ் எழுத்துக்கூட்டாத குறைதான். ஐந்து பாகம் பொன்னியின் செல்வனைக் கையில் கொடுத்தால் தமிழையே வெறுத்துவிடுவாளோ? அப்புறம், இதில் எது நடந்தது, எது கற்பனை என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

காவிரிக்கரை:

தயங்கவே வேண்டாம் அம்மா, பொன்னியின் செல்வன்தான். ஆனால் அவளைப் படிக்கச் சொல்லாதீர்கள், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை அது. அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கொக்கியோடு முடியும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம் என்று வைத்தால், "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று அவர்களே நச்சரிப்பார்கள்.

எங்கள் வீட்டில் சின்னவனுக்கு அப்போது ஏழு வயது. அவனுக்கு வந்தியத்தேவனைவிட ஆழ்வார்க்கடியான்தான் ஹீரோ. தடியைத் தூக்கிக்கொண்டு சைவர்களோடு சண்டைக்குப் போகும் குள்ளமான ஒற்றனை எந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது?

படம் பார்த்துவிட்டார்களா? பார்த்திருந்தாலும் பரவாயில்லை. படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே கிடையாது. "படத்தில் இது இல்லையே" என்று கண்டுபிடிப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு.

ஈரோட்டு அப்பா:

காவிரிக்கரை சொல்வதில் வாசித்துக் காட்டுவது வரைக்கும் சரி. அதிலேயே தொடங்க வேண்டுமா என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

பொன்னியின் செல்வன் அடிப்படையில் ஓர் அரண்மனைச் சதிக்கதை. யார் யாருக்கு சித்தப்பா, யார் யாரைப் பழிவாங்கத் துடிக்கிறார்கள், ஏன் ஒரு கிழவர் இளம்பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்பதெல்லாம் புரிந்தால்தான் ருசி. எட்டு வயதுப் பையனுக்குக் குதிரையும் புயலும் யானையும் புரியும், நந்தினியின் மனசு புரியாது. கடம்பூர் மாளிகையில் தேவராளன் வெறியாடி அரச ரத்தம் கேட்கும் இடம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். எங்கள் வீட்டில் அன்று யாரும் தனியாகப் படுக்கவில்லை.

நான் சொல்வது பார்த்திபன் கனவு. அளவில் சிறியது. அப்பா கண்ட கனவு, மகன் அதை நிறைவேற்றுகிறான், நடுவில் வேஷம் போட்டுக்கொண்டு ஒருவர் வருகிறார். அவர் யார் என்று பெரியவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காமல் வாயை மூடிக்கொண்டு வாசிப்பது நமக்குத்தான் கஷ்டம். அது முடிந்தால் சிவகாமியின் சபதம். கதைக்காலப்படி சபதம் முன்னால் வரும், கனவு பின்னால் வரும். ஆனால் கல்கி எழுதியது கனவைத்தான் முதலில். பிள்ளைகளுக்கும் அதே வரிசை போதும்.

பழைய வாத்தியார்:

வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எது நடந்தது, எது கற்பனை என்பது. என்னைக் கேட்டால் நாவலைத் தேர்ந்தெடுப்பதற்கே அதுதான் அளவுகோல். கற்பனை இருக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் உண்மையும் கற்பனையும் எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று பிள்ளைக்குக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடிகிற நாவல் நல்ல நாவல். காட்ட முடியாததைக் கதையாகப் படிக்கலாம், வரலாற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஓர் உதாரணம். பொன்னியின் செல்வன் தொடங்குவது ஆடிப்பெருக்கு அன்று, வீரநாராயண ஏரிக்கரையில். எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகத் தண்ணீர் பாய்வதை வந்தியத்தேவன் வேடிக்கை பார்த்துக்கொண்டே குதிரையில் வருகிறான். இன்றைய வீராணம் ஏரி அதுதான். 2004 முதல் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போவதும் அங்கிருந்துதான். அந்த ஏரியை ஒட்டி இருக்கும் ஊர் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில் என்று ஒன்று. அதன் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று" துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களையும் உறவினர்களையும் சேர்ந்த நிலங்களைப் பறிமுதல் செய்த விவரம் அதில் வருகிறது.

ரவிதாசன், சோமன் என்ற பெயர்கள் நாவல் படித்தவர்களுக்குப் பழக்கமானவை. ஆக, ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை, இந்தப் பெயர்கள் உண்மை. நந்தினி? கற்பனை. பூங்குழலி? கற்பனை. ஆழ்வார்க்கடியான்? அவனும்தான். கொலைக்குப் பின்னால் உத்தம சோழன் இருந்தானா? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அப்படிச் சந்தேகப்பட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். கல்கி கடைசிவரை யார் கை வாள் என்று தெளிவாகச் சொல்லவில்லை. கல்வெட்டு எங்கே நிற்கிறதோ அங்கேயே அவரும் ஒரு திரையைப் போட்டுவிட்டார்.

கதை தொடங்கும் ஏரியும் கொலைக்குச் சாட்சியான கல்லும் ஒரே ஊர்ப்பக்கத்தில் இருக்கின்றன. பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துக்கொண்டு போங்கள். நூறு பக்கம் பாடம் நடத்தினாலும் அது வராது.

பொள்ளாச்சி அம்மா:

ஐயா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். வந்தியத்தேவன் உண்மையா என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மகள் முதலில் அதைத்தான் கேட்பாள்.

பழைய வாத்தியார்:

உண்மைதான், ஆனால் ஒரே வரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைப் பற்றிச் சொல்லும்போது, ராஜராஜ தேவரின் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார் என்று வருகிறது. குந்தவையின் கணவர் என்பது வரை தெரியும். அவர் துடுக்குத்தனமாகப் பேசினார், மாட்டிக்கொண்டார், தப்பித்தார் என்பதெல்லாம் கல்கி கொடுத்தது.

இதையே ஒரு பயிற்சியாக வைக்கலாம். அதே பெரிய கோயில் கல்வெட்டில், சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்களின், பட்டியல் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தவர் என்று வரிசையாகப் போகும். ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். நாவிதர், தையற்காரர், குடை பிடிப்பவர் எல்லாம் பின்னாலேயே வருகிறார்கள். மகளிடம் அந்தப் பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொந்த ஊரை விட்டுத் தஞ்சைக்கு வந்த முதல் நாளை அவளே எழுதட்டும். சரித்திர நாவல் எப்படி உண்டாகிறது என்று அப்போது புரியும்.

கரிசல்காட்டான்:

வாத்தியார் கடைசியில் சொன்னதற்கு ஒரு கும்பிடு. ஆனால் இழை முழுக்க ராஜா, ராணி, ஒற்றன், வாள் என்றே ஓடுகிறதே. நம் பாட்டன் பூட்டன் யாரும் அரண்மனையில் இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு என்றாலே மணிமுடி என்று பதிந்துவிட்டால் அப்புறம் எடுக்க முடியாது.

சோ. தர்மனின் சூல் இருக்கிறது, 2019-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. ஒரு கரிசல் கிராமத்துக் கண்மாயைச் சுற்றிய கதை. மடை, மடையைத் திறந்து மூடும் மடைக்குடும்பன், மீன், பறவை, மராமத்து என்று ஒரு கண்மாயை ஊர் எப்படிக் காப்பாற்றியது, பிறகு எப்படிக் கைவிட்டது என்று படிக்கலாம். பொள்ளாச்சிக்காரர் என்றால் எரியும் பனிக்காடு உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வந்தது, இரா. முருகவேள் தமிழாக்கினார். திருநெல்வேலிப் பக்கத்து ஏழைகளை மேஸ்திரி ஒருவன் முன்பணம் கொடுத்து ஆனைமலைக்குக் கூட்டிப்போகிறான். போனவர்கள் அந்தக் கடனில் இருந்து எழுந்திருக்கவே முடிவதில்லை. பாஸ்டனில் கொட்டிய தேயிலையைப் பற்றித் தெரிந்த பெண்ணுக்கு வால்பாறைத் தேயிலையைப் பற்றித் தெரிய வேண்டாமா?

பொள்ளாச்சி அம்மா:

சுருக்கென்று இருந்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதோடு சரி, அங்கே செடி வைத்தது யார் என்று பிள்ளைகளிடம் பேசியதே இல்லை.

ஆனால் தோழர், அந்தப் புத்தகத்தை நான் படித்திருக்கிறேன். மலேரியாவில் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள், பெண்களுக்கு நடப்பதைச் சொல்லவே வேண்டாம். 11 வயதுக்கு எப்படிக் கொடுப்பது?

கரிசல்காட்டான்:

முழுதாகக் கொடுக்கச் சொல்லவில்லை. மேஸ்திரி ஊருக்கு வந்து ஆசை காட்டும் பகுதி, குடும்பம் கிளம்பி மலையேறும் பகுதி, இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள். கணக்குப் பார்க்கும் நாளில் கூலியில் என்னென்ன பிடித்தம் போகிறது என்று அவளையே காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று. மீதியை 15 வயதில் அவளே எடுத்துப் படித்துக்கொள்வாள்.

ஈரோட்டு அப்பா:

இதில் நான் கரிசல்காட்டான் கட்சி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ராஜா கதையும் வேண்டும். பிள்ளையை முதலில் உள்ளே இழுப்பது குதிரைதான், கண்மாய் அல்ல. சூல் மாதிரி நாவலில் கதை மெதுவாகச் சுரக்கும். பழகாத பிள்ளை இருபதாம் பக்கத்தில் எழுந்து போய்விடும்.

அருப்புக்கோட்டை அண்ணாச்சி:

சாண்டில்யனை யாருமே கண்டுகொள்ளவில்லையே! அம்மாவின் வீட்டுக்காரருக்கு ஓர் ஆதரவு ஓட்டு. கடல் புறாவில் வரும் கப்பல்களைப் போல் வேறு எந்த நாவலில் பார்த்தீர்கள்? பாலூர்த் துறைமுகம், ஸ்ரீவிஜயம், கடாரம், அகூதா என்ற சீனக் கொள்ளைக்காரன். தமிழன் கடலில் போனான் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடிப்பதை அவர் மூன்று பாகம் எழுதினார்.

காவிரிக்கரை:

அண்ணாச்சி, கப்பல் எல்லாம் சரி. கப்பலில் இருந்து இறங்கியதும் கஞ்சனா தேவியையும் மஞ்சளழகியையும் பக்கம் பக்கமாக வர்ணிப்பாரே, அதை 11 வயதுப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டுவது யார், நீங்களா?

அருப்புக்கோட்டை அண்ணாச்சி:

நாங்கள் எல்லாம் அந்தப் பக்கங்களைத் தாண்டித்தான் படித்தோம். (தாண்டினோம் என்று வீட்டில் சொன்னோம்.)

பழைய வாத்தியார்:

அண்ணாச்சி சிரிக்க வைத்துவிட்டார். சாண்டில்யன் விஷயத்தில் என் கருத்து இது. நாயகன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப்பரணியில் வரும் உண்மையான ஆள், குலோத்துங்கனின் படைத்தலைவர். கடாரத்தின் மேல் சோழர் படையெடுத்ததும் உண்மை, ராஜேந்திரன் காலத்தில், 1025-ல். ஆனால் நாவலின் நடுப்பகுதிச் சாகசங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மிடம் ஒன்றும் இல்லை. பெண் பாத்திரங்களை எழுதியிருக்கும் விதமும் இன்றைக்குப் பிள்ளைகளிடம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். 16-க்கு மேல் தானாகப் படித்தால் படிக்கட்டும். கடல்தான் வேண்டும் என்றால் வரைபடத்தை விரித்து நாகப்பட்டினத்தில் இருந்து கெடா (அந்தக் கடாரம்தான்) வரை கோடு போட்டு, எந்த மாதம் எந்தக் காற்று அடிக்கும் என்று பார்க்கலாம்.

ஸ்கார்பரோ அம்மா:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப கனடாவில் இருக்கிறன். பிள்ளைகளை வீட்டிலதான் படிப்பிக்கிறம். இந்த இழையை வாசிக்க ஆசையாக இருந்தது, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பொன்னியின் செல்வனில் அருள்மொழிவர்மன், அதாவது பிறகு ராஜராஜன் ஆனவர், ஈழத்துக்கு வருகிறார். இடிந்த விகாரைகளைத் திருத்தச் சொல்கிறார், பிக்குகள் சிம்மாசனத்தையே கொடுக்கிறார்கள், வேண்டாம் என்கிறார். வாசிக்க வடிவாக இருக்கும். எங்கட மகன் அதை வாசித்துப்போட்டு, பக்கத்து வீட்டுச் சிங்களப் பெடியனோட கதைக்கப் போனான். அந்தப் பெடியனுக்குச் சோழர் என்றால் அநுராதபுரத்தை அழித்த ஆக்கள். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில், அநுராதபுர அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனதும், விகாரைகளை உடைத்துப் பொன்னை அள்ளினதும் இருக்கு. மகிந்தன் சோழநாட்டிலேயே சிறைப்பட்டு இறந்தான். 993 அளவில் தலைநகர் அநுராதபுரத்தில் இருந்து பொலன்னறுவைக்கு மாறினதும் சோழரால்தான்.

பிள்ளை என்னட்டக் கேட்டான், "அம்மா, எது பொய்?" என்று. நாங்கள் இரண்டையும் மேசையில் வைத்து வாசித்தம். மகாவம்சமும் ஒரு பக்கத்துக் கதைதான், பிக்குகள் எழுதினது. நாவலும் ஒரு பக்கத்துக் கதைதான். வாத்தியார் ஐயா சொன்ன ஒட்டுற இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, யார் பக்கம் நின்று ஒட்டினம் என்றும் பார்க்க வேணும். அகிலனின் வேங்கையின் மைந்தனும் இதே ஈழப் படையெடுப்பை, பாண்டியர் மணிமுடியை மீட்கப் போன கதையாகச் சொல்லுது. அதையும் மகாவம்சத்தோட சேர்த்துத்தான் வாசிக்க வேணும்.

அமெரிக்கப் பட்டியலிலும் இந்தச் சிக்கல் இருக்கு. புல்வெளியில் குடியேறின குடும்பத்தின் கதை, லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதினது, எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்கும். அதில் பூர்வகுடிகளைப் பற்றி எழுதின விதத்துக்காக, அந்த ஆசிரியையின் பெயரில் இருந்த விருதின் பெயரையே 2018-ல் அமெரிக்காவில் மாற்றிப்போட்டார்கள். நாங்கள் அந்தப் புத்தகத்தை விலக்கவில்லை. அந்த நிலத்தில் முதலில் இருந்த ஆக்கள் எங்க போனவை என்று கேட்டுக் கேட்டு வாசித்தம்.

மதுரை வீதி:

கொஞ்சம் அதிகமாகப் போகிறது என்று தோன்றுகிறது. பத்துப் பதினோரு வயதில் பிள்ளைக்கு ஒரு பெருமிதம் வேண்டாமா? எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தால் கதையில் என்ன ருசி மிஞ்சும்? முதலில் ராஜராஜனை நேசிக்கட்டும், கேள்வி எல்லாம் கல்லூரியில் கேட்டுக்கொள்ளட்டும். போகிற போக்கில் உடையார்குடிக் கல்வெட்டில் வரும் பெயர்களை வைத்து எந்தச் சாதிக்காரன் கொன்றான் என்றும் ஆரம்பித்துவிடுவீர்கள்.

நெறியாளர்:

மதுரை வீதி கடைசி வரியில் எச்சரித்தது போலவே நடந்தது. அதன் கீழே வந்த ஏழெட்டுப் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆயிரம் வருடத்துக்கு முந்திய கொலைக்கு இன்றைக்கு ஜாமீன் எடுக்க யாரும் வர வேண்டாம். கேள்வி பிள்ளைகளின் புத்தகத்தைப் பற்றியது.

ஸ்கார்பரோ அம்மா:

மதுரை வீதி அண்ணா, ருசி குறையவில்லை. மகன் இப்ப மூன்றாம் தரமாக வாசிக்கிறான். அருள்மொழியை அவனுக்கு இப்பவும் பிடிக்கும். பிடிச்ச ஆளைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று மட்டும் தெரிஞ்சுகொண்டான்.

பழைய வாத்தியார்:

அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். என் அளவுகோலில் பாதிதான் இருந்தது, மீதியை அவர் சொல்லிவிட்டார்.

மதுரை வீதி ஐயாவுக்கு ஒன்று. பெருமிதமும் கேள்வியும் ஒரே கல்லில் இருக்கும். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919-லும் 921-லும் பொறித்தவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் முறை, கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது என்ற விதி. பிள்ளைகள் அசந்து போவார்கள். அதே கல்வெட்டில் குடத்தில் பெயர் போடத் தகுதி யாருக்கு என்றும் இருக்கிறது: கால்வேலி வரி நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி. நான் வகுப்பில் படித்துக் காட்டும்போது பின் பெஞ்சில் இருந்து எப்போதும் ஒரு குரல் வரும்: "அப்ப எங்க ஊர்ல யாருக்கும் கிடையாதா சார்?" கல்லூரி வரை காத்திருக்கச் சொன்னால் அந்தப் பையன் கேட்காமலேயே போயிருப்பான்.

சங்க காலத்துக்குப் போகிறவர்களுக்கு சு. வெங்கடேசனின் வேள்பாரி. பெரிது, ஆனால் காடு, விலங்கு, மூலிகை, குலக்கதை என்று பிள்ளைகள் விரும்பும் சங்கதிகள் ஏராளம். படிப்பதற்கு முன் புறநானூறு 112-ஐச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பாரியின் மகள்கள் பாடியது, ஐந்தே வரி:

"அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்"

போன மாத நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். பறம்புமலை என்று சொல்லப்படும் பிரான்மலை சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது, ஏறலாம்.

கிள்ளான் வாசகர்:

மலேசியாவில் இருந்து. எங்கள் பக்கப் பிள்ளைகளுக்குச் சோழர் கடாரத்துக்கு வந்த கதை தெரியும், தாத்தா சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போன கதை தெரியாது. 1942-43-ல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட்டார்கள், 415 கிலோமீட்டர். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் இருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது, படம் இருக்கிறது. எங்களுக்கு ஆர். சண்முகம் எழுதிய சயாம் மரண ரயில் இருக்கிறது. 14 வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியும் அதே யுத்த காலம்தான், ஆனால் அது பெரியவர்களுக்கு. இந்தோனேசியாவின் மெடான் தெருக்களையும் மதுரைத் தெருக்களையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு ஓடும் நடை, பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகளில் இந்த வகை நாவலைத் தள்ளிப்போடாதீர்கள். கல்வெட்டு காத்திருக்கும்.

திண்டுக்கல் சித்தி:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. இந்தியா சுதந்திரம் அடைந்த காலத்துக்கு என்ன கொடுக்கலாம்? அலை ஓசையா?

ஈரோட்டு அப்பா:

அலை ஓசை நல்ல நாவல்தான், 1956-ல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. ஆனால் அடிநாதம் ஒரு கசந்த கல்யாணம். டெல்லிக் கலவரப் பகுதிகளும் கடுமை. 15 ஆகட்டும்.

பிரெஞ்சுக்காரர் காலம் என்றால் பிரபஞ்சனின் மானுடம் வெல்லும். 14, 15 வயதுக்கு. பக்கத்தில் வைத்துப் படிக்க ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே இருக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதிக்கொண்டே இருந்தார். ஊர்வம்பு, கப்பல் வரவு, முற்றுகை எல்லாம் கலந்து கட்டி இருக்கும். நாட்குறிப்பில் இரண்டு பக்கம், நாவலில் ஓர் அத்தியாயம் என்று மாற்றி மாற்றிப் படித்தால் வாத்தியார் சொன்ன ஒட்டு வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

பொள்ளாச்சி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வீட்டில் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம்.

முதலில் பார்த்திபன் கனவு, நான் வாசிப்பேன். மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் சிவகாமியின் சபதத்தை அவர்தான் வாசிக்கப் போகிறார் என்றதும் சமாதானம் ஆகிவிட்டார். அந்தச் சமயத்தில் மாமல்லபுரம் போகும் வழியில் மண்டகப்பட்டையும் பார்த்துவிடலாம் என்று இருக்கிறோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாக மகேந்திரவர்மன் எழுதி வைத்த கல்வெட்டு அங்கேதானே இருக்கிறது? பொன்னியின் செல்வன் அடுத்த வருடம், உடையார்குடியோடு. ஸ்கார்பரோ அம்மா சொன்ன மகாவம்சப் பகுதிகளையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். வால்பாறைக் கதையை மட்டும் தள்ளிப்போடவில்லை, வரும் மாதமே மேஸ்திரி வரும் பகுதியில் தொடங்குகிறோம்.

கடல் புறா அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. கணவர்தான் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று: கல்கி நாவல்களுக்கு எந்தப் பதிப்பு வாங்குவது? கடையில் பத்து விதம் கிடக்கிறது.

பழைய வாத்தியார்:

ஆமாம் அம்மா, மண்டகப்பட்டுதான். விழுப்புரம் மாவட்டம், செஞ்சிப் பக்கம். மாமல்லபுரம் வழியில் வராது, தனியாகத் திரும்ப வேண்டும். ஒரே ஒரு குடைவரைதான், அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தண்ணீர் கொண்டு போங்கள்.

காவிரிக்கரை:

பதிப்பு பற்றி. கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள். மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது, வாசித்துக் காட்டுவதற்கு அது போதும். வாங்குவதானால் மூன்று பாருங்கள். அட்டையில் "சுருக்கம்" என்று சின்னதாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஐந்து பாகத்தையும் ஒரே குண்டுப் புத்தகமாகக் கட்டியதை வாங்காதீர்கள், பிள்ளை மடியில் வைத்துப் படிக்க முடியாது, எழுத்தும் பொடி. மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். கல்கியோடு இலங்கை வரை போய் இடங்களைப் பார்த்து வந்து வரைந்தவர் அவர். என் பையன் வந்தியத்தேவனின் குதிரையை அதில் பார்த்துத்தான் வரையக் கற்றுக்கொண்டான்.

அருப்புக்கோட்டை அண்ணாச்சி:

அம்மா, அந்த மேல் தட்டில் கடல் புறா இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள். என்னுடையதை யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை.